சம்பளம் உண்டு, ஊழியர் கிடையாது: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் யார் அதிகாரி?

2025 நவம்பர் 30 அன்று மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் கோச் லேன் கிஃபின் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்து மாநிலமான லூசியானாவின் எல்.எஸ்.யூ. பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அவருடைய அணி அந்த சீசனின் 12 ஆட்டங்களில் 11ஐ வென்று, தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்குள் நுழையவிருந்த நேரம் அது. பிளேஆஃப் முடியும்வரை நானே நடத்திக் கொடுக்கிறேன் என்று கேட்டுப் பார்த்தார், நிர்வாகம் முடியாது என்றுவிட்டது. எல்.எஸ்.யூ.வில் அந்த நாற்காலி ஏன் காலியாக இருந்தது என்றால், ஒரு மாதத்துக்கு முன்புதான் பிரையன் கெல்லியை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஒப்பந்தப்படி அவருக்குப் பாக்கி சுமார் 5.4 கோடி டாலர்.

கிஃபின் போனதற்கு ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள், உண்மைதான். ஆனால் கோச்சுகள் சம்பளம் வாங்குவதால் கல்லூரி விளையாட்டின் ஆன்மாவே போய்விட்டது என்று யாரும் நீதிமன்றத்தில் வாதாடியதில்லை. அந்த வாதம் அவர்களுக்குக் கீழே ஆடும் 19, 20 வயதுப் பையன்களுக்கென்றே எடுத்து வைக்கப்பட்டது, அதுவும் எழுபது வருடத்துக்கு நெருக்கமாக. இப்போது அந்தத் தடை போய்விட்டது. 2025 ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. இதோடு சண்டை ஓய்ந்திருக்க வேண்டும், ஓயவில்லை, அதிகமாகத்தான் ஆகியிருக்கிறது. என் கணக்கில் காரணம் ஒன்றுதான். பணம் கொடுக்க ஒத்துக்கொண்டவர்கள் அதை வாங்குகிறவர்களை ஊழியர் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். அந்தப் பிடிவாதத்தால், இந்த விளையாட்டில் யார் எந்த விதி போட்டாலும் அடுத்த வழக்கு வரைக்கும்தான் அதற்கு ஆயுசு.

ஃபுட்பால் என்று இங்கே சொல்வது, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஹெல்மெட்டோடு மோதிக்கொள்ளும் அமெரிக்க ஆட்டத்தை. கல்லூரி ஆட்டம்தானே என்று நினைத்துவிடக் கூடாது. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரலாம். அலபாமா, நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லுக்கு அணியே கிடையாது, அங்கே கல்லூரி அணிதான் எல்லாம். பல மாநிலங்களில் அதிகச் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர் ஆளுநரோ துணைவேந்தரோ இல்லை, கோச்தான். டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023ல் ஜிம்போ ஃபிஷரை வேலையிலிருந்து அனுப்ப மட்டும் ஒத்துக்கொண்ட தொகை 7.6 கோடி டாலருக்கு மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு.

இதையெல்லாம் கட்டி மேய்ப்பதாகச் சொல்லப்படும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. அது பிறந்ததே சாவுகளால்தான். 1905 சீசனில் மைதானத்திலேயே அடிபட்டுப் பையன்கள் வரிசையாக இறக்க, ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டு ஒழுங்குபடுத்துங்கள் என்றார். 1906ல் அமைப்பு வந்தது, 1910ல் இந்தப் பெயர் வந்தது. உயிரைக் காக்க வந்தது என்றாலும், 1951ல் வால்டர் பையர்ஸ் நிர்வாக இயக்குநராகி 1988 வரை அந்த நாற்காலியில் இருந்த காலத்தில் அதன் முக்கிய வேலை வேறாகிவிட்டது. 1956 முதல் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் தரலாம்; அதற்கு மேல் ஒரு காசு கை மாறினாலும் விசாரணை.

ரே டெனிசன் வழக்கை இங்கே சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இன்றைய சிக்கலின் வேர் அதில்தான் இருக்கிறது. கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் ஏ அண்ட் எம் என்ற சின்னக் கல்லூரிக்கு ஆடியவர் டெனிசன், கல்யாணமாகிக் குழந்தைகளும் உள்ளவர். 1955ல் ஓர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். வேலையில் இறந்தவருக்கு உரிய நஷ்டஈடு வேண்டும் என்று மனைவி கேட்டார். கேட்டது ஒன்றும் விபரீதமில்லை. 1953ல் அதே மாநில உச்ச நீதிமன்றம் டென்வர் பல்கலைக்கழக வீரர் ஒருவரை ஊழியர் என்றே தீர்ப்பளித்திருந்தது. டெனிசன் மனைவிக்கும் கீழ்நிலையில் வெற்றிதான். ஆனால் 1957ல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது: கல்லூரி ஒன்றும் ஃபுட்பால் தொழில் நடத்தவில்லை, அதில் லாபமும் பார்க்கவில்லை, ஆகவே நஷ்டஈடு கிடையாது. இந்த மாதிரி வழக்குகளுக்குப் பயந்துதான், வீரர்களை எங்கும் 'மாணவ விளையாட்டு வீரர்' என்றே குறிப்பிட வேண்டும் என்ற வழக்கத்தை என்.சி.ஏ.ஏ. புகுத்தியது. சொன்னது வேறு யாருமில்லை, ஓய்வுக்குப் பிறகு நினைவுக்குறிப்பு எழுதிய பையர்ஸேதான். அதற்குள் அவர் மனம் மாறி, தான் கட்டியதையே குறைசொல்லும் ஆளாகிவிட்டிருந்தார்.

அப்புறம் டிவி. இன்று எல்லோரும் பணத்தைப் பற்றிப் பேசும்போது வீரர்களின் பணத்தையே பேசுகிறார்கள், ஆனால் முதலில் பணத்துக்காக என்.சி.ஏ.ஏ.வை நீதிமன்றத்துக்கு இழுத்தவை பல்கலைக்கழகங்கள்தான். அந்தக் காலத்தில் எந்த ஆட்டம் டிவியில் வரும், ஓர் அணி எத்தனை முறை வரலாம், எவ்வளவு காசு என்பதையெல்லாம் என்.சி.ஏ.ஏ.தான் முடிவு செய்யும். இரண்டு வருடத்தில் ஆறு முறைக்கு மேல் எந்த அணியும் டிவியில் வரக் கூடாது. 1981ல் ஒரு சனிக்கிழமை நடந்தது வழக்கு ஆவணத்திலேயே இருக்கிறது: ஓக்லஹோமாவும் யூ.எஸ்.சி.யும் மோதிய ஆட்டம் 200க்கு மேற்பட்ட நிலையங்களில் ஒளிபரப்பானது, சிட்டடெலும் அப்பலாச்சியன் ஸ்டேட்டும் ஆடிய ஆட்டம் நான்கு நிலையங்களில். நான்கு அணிகளுக்கும் ஒரே தொகை. ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குப் போட்டன. 1984ல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று அவர்கள் பக்கம் நின்றது: கல்லூரிகள் கூடிப் பேசி டிவி ஆட்டங்களுக்கு வரம்பு கட்டுவது ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு விரோதம். மறுத்து எழுதியவர் நீதிபதி பைரன் வைட், கொலராடோ பல்கலைக்கழகத்தின் பழைய ஃபுட்பால் நட்சத்திரம். வியாபாரமாக மட்டும் பார்த்துவிட்டீர்கள் என்பது அவருடைய வருத்தம்.

அந்தத் தீர்ப்பு இரண்டு வேலை செய்தது. பெரும்பான்மைக்காக எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், போகிறபோக்கில், கல்லூரி விளையாட்டின் தன்மையைக் காக்க வீரர்களுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்ற ரீதியில் ஒரு வரி எழுதிவைத்தார். வழக்கு அதைப் பற்றியதே இல்லை, இருந்தாலும் அடுத்த முப்பது வருடத்துக்கு என்.சி.ஏ.ஏ. அந்த வரியைக் கேடயமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தது. இன்னொரு பக்கம், டிவி உரிமை என்.சி.ஏ.ஏ. கையிலிருந்து கழன்று கான்ஃபரன்ஸ்களிடம் போய்விட்டது. கான்ஃபரன்ஸ் என்றால் பத்துப் பதினைந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கூட்டணி. ஆக, ஃபுட்பாலில் பணம் ஒரு இடத்திலும் விதிப்புத்தகம் இன்னொரு இடத்திலும் என்று 1984லேயே பிரிந்தாயிற்று.

விதிப்புத்தகத்தின் லட்சணத்தைச் சொல்ல ஓர் உதாரணம் போதும். ஒரு காலத்தில் வீரர்களுக்குச் சிற்றுண்டியாக பேகல் ரொட்டி கொடுக்கலாம், ஆனால் அதன்மேல் கிரீம் சீஸ் தடவக் கூடாது. தடவினால் அது சாப்பாட்டுக் கணக்கில் வந்துவிடும். 2014ல் யூகான் கூடைப்பந்து வீரர் ஷபாஸ் நேப்பியர், சில ராத்திரிகளில் பசியோடுதான் படுக்கிறேன் என்று நிருபர்களிடம் சொன்னார். அவர் அணி அந்த வருட சாம்பியன். அதே மாதம் சாப்பாட்டு விதியைத் தளர்த்தினார்கள்.

நீதிமன்றத்தில் முதல் பெரிய விரிசல் எட் ஓபேனன் போட்டது. யூ.சி.எல்.ஏ.வுக்கு 1995ல் கூடைப்பந்து சாம்பியன்ஷிப் வாங்கிக் கொடுத்தவர், வருடங்கள் கழித்து ஒரு வீடியோ கேமில் தன்னைப் போலவே ஆடும் உருவத்தைப் பார்த்தார். கேம் விற்றவர்களுக்குக் காசு, என்.சி.ஏ.ஏ.வுக்குக் காசு, தனக்கு ஒன்றுமில்லை. 2009ல் வழக்கு, 2014ல் நீதிபதி கிளாடியா வில்கன் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு. இந்த வில்கன் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பத்து வருடம் கழித்தும் அவரே வருவார். பிறகு 2021 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஆல்ஸ்டன் வழக்கு, 9-0. கேள்வி சின்னது, படிப்பு சார்ந்த சலுகைகளுக்கு வரம்பு வைக்கலாமா என்பதுதான். ஆனால் நீதிபதி கவனா தனியாக எழுதிய குறிப்புதான் எல்லோரையும் உலுக்கியது. ஒரு வட்டாரத்து ஹோட்டல்காரர்கள் எல்லாம் கூடி, குறைந்த கூலி வாங்கும் சமையல்காரர் சமைத்தால்தான் வாடிக்கையாளருக்குப் பிடிக்கிறது என்று சொல்லிக் கூலியைக் குறைக்க முடியுமா, பிறகு இவர்களுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம் என்று கேட்டார். அவர் ஒன்றும் தொழிற்சங்கப் பக்கம் சாயும் நீதிபதி இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒன்பது நாள் கழித்து, ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம் என்று என்.சி.ஏ.ஏ. கதவைத் திறந்துவிட்டது. என்.ஐ.எல். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். மனதார அல்ல. கலிஃபோர்னியா 2019லேயே சட்டம் போட்டிருந்தது, மற்ற மாநிலங்களும் வரிசையில் நின்றன. விளம்பரம் என்று பெயருக்கு ஆரம்பித்தது, சில மாதங்களில் பணக்கார ரசிகர்கள் நிதி திரட்டி ஆளெடுக்கும் 'கலெக்டிவ்' ஏற்பாடாக மாறிவிட்டது. ஜேடன் ரஷாடா என்ற பள்ளி க்வார்ட்டர்பேக்குக்கு (பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் முக்கிய வீரர்) ஃபுளோரிடா பக்கமிருந்து பேசப்பட்ட தொகை 1.38 கோடி டாலர். பணம் வரவில்லை, அவர் வேறு கல்லூரிக்குப் போனார், 2024ல் கோச் உள்ளிட்டவர்கள் மீது வழக்குப் போட்டார். எழுத்துமூலம் முதலாளி இல்லாத ஒரு வேலைக்கு ஆள் எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

இதே சமயம் கல்லூரி மாறுவதற்கான தடைகளும் ஒவ்வொன்றாக விழுந்தன. முன்பெல்லாம் மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும். 2021ல் ஒரு முறை மாறலாம் என்றானது; 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நீதிபதி தடை போட, 2024 ஏப்ரலில் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. என்.ஐ.எல். பணம் தொடர்பாக டென்னசி பல்கலைக்கழகத்தை என்.சி.ஏ.ஏ. விசாரிக்கப் போனபோது அந்த மாநில அட்டர்னி ஜெனரலே வழக்குப் போட்டு, 2024 பிப்ரவரியில் தடையுத்தரவும் வாங்கினார். உள்ளூர் அணிக்காக நீதிமன்றம் போவது நல்ல பெயர் வாங்கித் தருமே தவிரக் கெடுக்காது. விசாரணையின் மையத்தில் இருந்த க்வார்ட்டர்பேக் நிக்கோ யமலியாவா அடுத்த வருடம் சம்பளத் தகராறில் டென்னசியை விட்டு யூ.சி.எல்.ஏ.வுக்குப் போய்விட்டது தனிக் கதை. கல்லூரியில் எத்தனை வருடம் ஆடலாம் என்பதுகூட இப்போது நீதிமன்ற விஷயம்: டியேகோ பவியா என்ற வாண்டர்பில்ட் க்வார்ட்டர்பேக், ஜூனியர் கல்லூரியில் ஆடிய காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று வழக்குப் போட்டு 2024 டிசம்பரில் இன்னொரு சீசன் வாங்கினார். உடனே அதேபோல் வழக்குகள் வரிசை கட்டின.

ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டே வந்தவர்கள் கடைசியில் சமரசத்துக்கு வந்தார்கள். அரிசோனா ஸ்டேட் நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் பெயரில் 2020ல் தொடங்கிய வழக்கு அது. 2025 ஜூன் 6 அன்று அதே கிளாடியா வில்கன் சமரசத்தை ஏற்றார். 2016க்குப் பின் ஆடியவர்களுக்குப் பழைய பாக்கியாக சுமார் 280 கோடி டாலர், பத்து வருடத் தவணையில். இனிமேல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வருடத்துக்கு ஓர் உச்சவரம்புக்குள் வீரர்களுக்குப் பங்கு கொடுக்கலாம்; 2025-26க்கு அந்த வரம்பு 2.05 கோடி டாலர். பெரிய கான்ஃபரன்ஸ் கல்லூரிகளின் சராசரி வருமானத்தில் குறிப்பிட்ட சில இனங்களைக் கூட்டி அதில் 22 சதவீதம் என்று கணக்குப் போட்டு வந்த எண் அது. பல இடங்களில் இதில் முக்கால் பங்கு ஃபுட்பாலுக்கே போகிறது. பணம் எங்கிருந்து வரும் என்றால், டென்னசி முன்கூட்டியே டிக்கெட்டில் 10 சதவீதம் 'திறமைக் கட்டணம்' ஏற்றிவிட்டது. கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் இருக்கும் கால் பாலி பல்கலைக்கழகம் நீச்சல் அணியையே கலைத்துவிட்டது. வழக்கின் பெயரே ஒரு நீச்சல்காரருடையது என்பதை யோசித்தால் கொஞ்சம் உறுத்துகிறது.

வில்கன் சும்மா கையெழுத்துப் போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்குப் பதிலாக அணியின் அளவுக்கே வரம்பு வைத்தார்கள், ஃபுட்பாலில் 105 பேர். ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஆசைக்காக அணியில் இருந்த பையன்கள் அந்த எண்ணுக்கு மேல் போனதால் சமரசம் நிறைவேறும் முன்பே வெளியே தள்ளப்பட்டார்கள். அவர்களுக்கு வழி செய்யாமல் ஒப்புதல் தர மாட்டேன் என்று ஏப்ரலில் நிறுத்தி வைத்தார். செய்தார்கள். பெண் வீராங்கனைகள் எட்டுப் பேர் மட்டும் மேல்முறையீட்டுக்குப் போனார்கள்: பாக்கித் தொகையில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது, கல்வியில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற 1972ஆம் ஆண்டு சட்டத்துக்கு இது முரண் என்பது அவர்கள் வாதம். அதனால் பழைய பாக்கி பட்டுவாடா நின்றது.

சரி, இந்த உச்சவரம்பை யார் காவல் காப்பது? என்.சி.ஏ.ஏ. இல்லை. நான்கு பெரிய கான்ஃபரன்ஸ்கள் சேர்ந்து காலேஜ் ஸ்போர்ட்ஸ் கமிஷன் என்று புதிதாக ஒன்றை ஆரம்பித்து, பேஸ்பால் லீகில் இருந்த பிரையன் சீலியைத் தலைவராக்கின. வெளியாட்களோடு 600 டாலரோ அதற்கு மேலோ போடும் எந்த என்.ஐ.எல். ஒப்பந்தமும் தணிக்கை நிறுவனமான டெலாய்ட் நடத்தும் ஒரு இணையதளத்தில் பதிவாக வேண்டும். உண்மையான வியாபார நோக்கம் உண்டா, தொகை நியாயமா என்று பார்த்து அனுமதிப்பார்கள். ஒரு மாதம் தாங்கவில்லை. கலெக்டிவ் கொடுக்கும் பணத்துக்கு வியாபார நோக்கம் இல்லை என்று கமிஷன் ஜூலையில் சொல்ல, வீரர்களின் வழக்கறிஞர்கள் சண்டைக்கு வர, அதே மாதக் கடைசியில் கமிஷன் இறங்கி வந்தது. அடுத்து, கமிஷன் முடிவுகளை எதிர்த்து வழக்குப் போட மாட்டோம் என்று எல்லாப் பல்கலைக்கழகங்களும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் தன் மாநிலப் பல்கலைக்கழகங்களைப் போடாதே என்றார். எண்ணெய்ப் பணக்காரர் கோடி கேம்பல் ஆட்சிமன்றத் தலைவராக இருக்கும் டெக்சஸ் டெக் அதில் முன்னால் நின்றது.

ஏன் எந்த விதியும் நிற்பதில்லை? போட்டியாளர்கள் கூடிப் பேசிக் கூலிக்கு வரம்பு வைப்பது ஏகபோகத் தடைச் சட்டமான 1890ஆம் ஆண்டு ஷெர்மன் சட்டப்படி குற்றம். என்.எஃப்.எல்.லிலும் சம்பள வரம்பு உண்டு, அணி மாறுவதற்குக் கட்டுப்பாடு உண்டு, அதையெல்லாம் யாரும் உடைக்கவில்லை. காரணம், எதிர்ப்பக்கம் வீரர்கள் சங்கம் உட்கார்ந்து பேசி, கொடுத்து வாங்கி, கையெழுத்துப் போட்டிருக்கிறது. கூட்டுப் பேரத்தில் பிறந்த விதிக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. கல்லூரியில் எதிர்ப்பக்க நாற்காலியில் ஆளே இல்லை, ஏனென்றால் சங்கம் அமைக்க முதலில் ஊழியராக இருக்க வேண்டும். ஊழியர் என்றால் நஷ்டஈடு, குறைந்தபட்சக் கூலி, வரி, சங்கம் எல்லாம் வரிசையாக வரும். சின்னக் கல்லூரிகளும் வருமானமில்லாத விளையாட்டுகளும் தாங்காது என்கிறார்கள். இதில் பாதி நிஜம். மீதிப் பாதி, கோச்சுக்கு 7.6 கோடி கொடுத்து அனுப்பும் இடங்களுக்கு ஒட்டாது.

ஆகவே பேரம் பேசாமலே பேரம் தரும் பாதுகாப்பு வேண்டும் என்று எல்லோரும் வாஷிங்டனுக்கு ஓடுகிறார்கள். மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த சார்லி பேக்கரை 2023ல் என்.சி.ஏ.ஏ. தலைவராக்கியதே அரசியல் தெரிந்த ஆள் வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. 2025 ஜூலையில் டிரம்ப் ஒரு ஆணை போட்டார், ஆனால் ஜனாதிபதி ஆணையால் ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு விலக்குக் கொடுத்துவிட முடியாது. அதே மாதம் வந்த ஸ்கோர் மசோதா மூன்றையும் கேட்கிறது: வழக்கிலிருந்து பாதுகாப்பு, மாநிலச் சட்டங்களுக்கு மேலான அதிகாரம், வீரர்கள் ஊழியரல்ல என்ற உறுதி. டிசம்பரில் ஓட்டெடுப்புக்கு வரவிருந்ததைக் கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள், ஓட்டு தேறவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில், ஃபுட்பாலின் தேசிய சாம்பியனைத் தீர்மானிப்பது என்.சி.ஏ.ஏ.வே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. பிளேஆஃப் என்பது பத்து கான்ஃபரன்ஸ்களும் நோட்டர்டேம் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் தனி நிறுவனம். விளையாட்டு டிவி நிறுவனமான இ.எஸ்.பி.என். அதற்கு 2026 முதல் ஆறு வருடத்துக்குத் தரும் தொகை 780 கோடி டாலர். அதில் பிக் டென், எஸ்.இ.சி. என்ற இரண்டு பெரிய கான்ஃபரன்ஸ்களும் ஆளுக்கு சுமார் 29 சதவீதம் எடுத்துக்கொள்கின்றன. எத்தனை அணி, எப்படித் தேர்வு என்பதிலும் 2026 முதல் அவை இரண்டின் சொல்தான் எடுபடும். அந்த இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. எஸ்.இ.சி. 16 அணி போதும் என்கிறது, பிக் டென் 24 வரை போகலாம் என்கிறது, முடிவில்லாமல் 2026 சீசனுக்கும் 12தான். 2023ல் ஃபுளோரிடா ஸ்டேட் 13 ஆட்டமும் வென்று கான்ஃபரன்ஸ் சாம்பியனாகியும், க்வார்ட்டர்பேக் காலொடிந்ததைச் சொல்லித் தேர்வுக் குழு வெளியே விட்டது. அவர்கள் நேராகப் போய்த் தங்கள் கான்ஃபரன்ஸ் மேலேயே வழக்குப் போட்டார்கள், வருமானம் அதிகமுள்ள இடத்துக்கு நகர வழி வேண்டுமே. நூறு வருடத்துக்கு மேற்பட்ட பாக்-12 கான்ஃபரன்ஸ் 2023 ஆகஸ்டில் சில நாளில் சிதறி, கடைசியில் ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டும் மிஞ்சின. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்ட் இப்போது அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் ஆடுகிறது. பிக் டென்னில் 18 அணிகள். டிவிக்காக ஃபுட்பால் எடுத்த முடிவில், வாலிபால் பெண்கள் பரீட்சை வாரத்தில் கண்டம் தாண்டிப் பறக்கிறார்கள்.

நம் ஆட்களுக்குப் பழக்கமான ஒரு சிக்கலும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. எஃப்-1 மாணவர் விசாவில் வளாகத்துக்கு வெளியே இஷ்டத்துக்கு வேலை பார்க்க முடியாது என்பது அமெரிக்காவில் படித்த எவருக்கும் தெரியும். கல்லூரி ஃபுட்பாலில் பந்தை உதைக்கும் பன்ட்டர்களில் ஆஸ்திரேலியர்கள் நிறைய. பக்கத்து லாக்கர்காரர் விளம்பரத்தில் சம்பாதிக்க, இவர்கள் விசாவுக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அல்லது ஊருக்குப் போகும்போது மட்டும் விளம்பரம் எடுத்துக்கொள்கிறார்கள்.

கூட்டுப் பேரமே வழி என்று டென்னசியின் விளையாட்டுத் துறைத் தலைவர் டேனி வைட் போன்ற சிலர் வெளிப்படையாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் நடைமுறையில் அதுவும் லேசில்லை. 2014ல் நார்த்வெஸ்டர்ன் ஃபுட்பால் வீரர்கள் சங்கம் கேட்டு, வட்டார அதிகாரி அவர்களை ஊழியர் என்றே தீர்ப்பளித்தார். அடுத்த வருடம் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் வழக்கையே எடுக்க மறுத்துவிட்டது. அதிகாரம் தனியார் நிறுவனங்கள் மேல்தான், அப்போது பிக் டென்னில் நார்த்வெஸ்டர்ன் ஒன்றுதான் தனியார், ஒரே ஓர் அணிக்கு மட்டும் சங்கம் வந்தால் லீக் குழம்பும் என்பது காரணம். 2024ல் டார்ட்மத் கூடைப்பந்து வீரர்கள் 13-2 என்று சங்கத்துக்கு ஓட்டுப் போட்டு, வருடக் கடைசியில் மனுவைத் திரும்பப் பெற்றார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மாநிலச் சட்டம். வட கரோலைனாவில் அரசு ஊழியரோடு கூட்டுப் பேர ஒப்பந்தம் போடுவதே சட்டவிரோதம். ஒரே கான்ஃபரன்ஸில், அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் டியூக் வீரர்களுக்கு ஒரு சட்டமும் வட கரோலைனா பல்கலைக்கழக வீரர்களுக்கு இன்னொரு சட்டமும் என்றால், எந்த மேசையில் யாரை உட்கார வைத்துப் பேசுவது? ஊழியர் என்ற பட்டம் இல்லாமலே வீரர்கள் சங்கம் கூடிப் பேசலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனிச் சட்டம் போட்டால் தீரும். இப்போது மேசையில் இருக்கும் மசோதாவில் அதற்கு ஒரு பிரிவுகூட இல்லை.